கண்ணாடியை விடாத செல்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் ஐந்து வேளை தொழுகிறவள். நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஆறாத புண்களைப் பற்றிய ஆய்வு. கொழுந்து பறிக்கும் வீரம்மா அக்கா, தன் காலில் புண்ணோரத்துத் தோலைக் கடுகளவு தந்திருந்தார். அதிலிருந்து வளர்த்த செல்களை உயிரோடு நுண்ணோக்கியில் பார்ப்போம். செல் கண்ணாடியைப் பற்றித்தான் நகரும். முன்னால் புதிதாகப் பிடிக்கும், பின்னால் விடும். லேசர் பட்டால் மட்டும் அந்தப் பிடிகள் பச்சைப் புள்ளிகளாக ஒளிரச் சாயம் சேர்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா இறந்துபோனார். புதன்கிழமை பிற்பகல் அவர் மகள் சுதர்ஷினி வந்தாள்.

“மிஸ், அம்மாவோட தோல் துண்டக் குடுத்துருங்க. தெனம் கனவுல வந்து வாசல்லயே நிக்கிறாங்க. குழிகிட்டயே பொதைச்சிர்றேன்.”

தலைமை ஆய்வாளரும் கொடுக்கச் சொன்னார். செல்களைக் கழற்ற ஒரு திரவம் உண்டு. ஊற்றினால் சில நிமிடங்களில் பிடி விட்டு மிதக்கும்.

ஊற்றினேன். விடவில்லை. மறுபடியும் ஊற்றினேன்.

“எங்கம்மா லேசுல நகர மாட்டாங்க மிஸ். காலைல வேலை பிரிக்கிற பெரட்டுல, அதிகாரம் பண்ற கண்டாக்கையாவையே எதுத்து நிக்க வச்சவங்க” என்று சிரித்தாள். கண்கள் சிவந்திருந்தன.

அவளை வாசல் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, செல்கள் இருந்த கண்ணாடித் தட்டை நுண்ணோக்கி அறைக்குக் கொண்டுபோனேன். கறுப்புச் சீலை போட்ட அறை. பகலிலும் இருட்டு. மணி மூன்று நாற்பது.

செல்கள் நகரப் பார்த்தன. முன்னால் பிடித்தன. பின்னால் விடவில்லை. நூலாக இழுபட்டன...

கரண்ட் போனது.

லேசர் அணைந்தது. கணினி அணைந்தது.

கண்வில்லையில் பச்சை மட்டும் அணையவில்லை.

தொப்.

வெளியே நடைகூடத்தில். இரண்டு கால்களும் ஒன்றாக விழும் சத்தம்.

தொப்... தொப்...

கதவருகே நின்றது.

எனக்குப் பயம்கூட வரவில்லை.

“கால் வலிக்கும்... உக்காருங்கக்கா” என்றேன்.

கரண்ட் வந்தது. கதவைத் திறந்தேன். யாருமில்லை.

தரையில் ஈர மண். ஒட்டினாற்போல் இரண்டு பாதத் தடங்கள்.

சுதர்ஷினி ஓடிவந்து பார்த்தாள். உடனே அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, அம்மா கால்கட்ட அவுத்தீங்களா?”

இறந்தவரின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்களாம். குழியில் இறக்கியதும் அவிழ்த்துவிட வேண்டுமாம்.

அண்ணன் குரல் எனக்கும் கேட்டது.

“அன்னைக்கு அடமழை புள்ள... ஆளாளுக்கு அவசரம்... கட்டோடதான் மூடிட்டோம்.”

அவள் அந்தப் பாதங்களுக்கு முன்னால் மண்டியிட்டாள். வெறுந்தரையில், முடிச்சை அவிழ்ப்பதுபோல் விரல்களை அசைத்தாள்.

“போயிட்டு வாங்கம்மா.”

உள்ளே போய்க் கண்வில்லையில் குனிந்தேன். லேசரை நான் இன்னும் போடவில்லை.

பச்சைப் புள்ளிகள்... ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.