மேகம் இறங்கினால் எட்டாவது கேமரா

கேமரா மாட்டும் தொழிலில் ஏணி ஆளைக் கீழே தள்ளுவது அபூர்வம். கூட்டல் கணக்குத்தான் அடிக்கடி தள்ளும். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பி ஏமாந்த அன்பர்களே, இது உங்களுக்காக.

எட்டுத் துளை

கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் பூண்டு போட்டிருக்கும் முருகேசன், எட்டு கேமராவும் ஒரு பி.ஓ.இ. சுவிட்சும் தானே வாங்கி வைத்துக்கொண்டு என்னை அழைத்தார். நெட்வொர்க் வயரிலேயே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பும் பெட்டி அது; வயர் செருக எட்டுத் துளை. துளைக்கு முப்பது வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. மொத்தமே அறுபது என்று எறும்பு எழுத்தில். பந்தியில் ஓர் இலைக்கு எவ்வளவும் விழலாம், அண்டாவில் உள்ளதுதான் எல்லோருக்கும் என்று விளக்கினேன். நல்ல வெயில். ஒவ்வொரு கேமராவும் ஐந்து வாட் இழுத்தது; எட்டுக்கும் நாற்பது. இருபது மிச்சம் என்று கர்வத்தோடு அறிவித்தேன்.

"மிச்சத்துக்கு ஒரு பல்பு போட்டுருவமா சார்?" என்றார்.

மூன்று மணி மேகம்

மறுநாள் பிற்பகல் மேகம் இறங்கியது. இருட்டினால் கேமரா தன் அகச்சிவப்பு விளக்கை ஏற்றிக்கொள்ளும். அப்போது எட்டு வாட் இழுக்கும். எட்டெட்டு அறுபத்துநான்கு. அண்டாவிலோ அறுபது. பெட்டி கடைசித் துளையைப் பட்டினி போட்டது. வேலிக்கதவுக் கேமராவை அதில்தான் செருகியிருந்தேன். அந்த வழியே இரண்டு காட்டுமாடுகள் நுழைந்து, அறுவடைக்கு மூன்று வாரமே இருந்த பூண்டில் நாலு பாத்தியை மிதித்துவிட்டன. இருபது வருடம் இந்த மலையில் இருந்தும் வெயிலை நம்பிக் கணக்குப் போட்டவன் நான்.

முருகேசன் திட்டவில்லை. "மேகம் வந்தாத்தான சார் மாடும் வரும்? அப்பப் பாத்துக் கண்ண மூடுனா எப்படிங்க?"

கடைசித் துளை யாருக்கு

நூற்றிருபது வாட் சுவிட்ச் திண்டுக்கல்லிலிருந்து வர நாலு நாள். அதுவரை மிச்சப் பூண்டு பிழைக்க வேண்டும். வேலிக்கதவு வயரை முதல் துளைக்கு மாற்றினேன். மேகம் வந்தால் ஒன்று அணையத்தான் செய்யும், எட்டாவதில் எதைச் செருகட்டும் என்று கேட்டேன்.

"வீட்டு வாசல்ல உள்ளதச் செருகுங்க சார். அங்க எம்பொண்டாட்டி இருக்கா, மாடு வராது."

மூன்றாம் நாள் மேகத்தோடு மாடுகளும் வந்தன. இம்முறை செல்போனில் வேலிக்கதவு தெரிந்தது. முருகேசன் செருப்பைத் தேடுவதற்குள் அவர் மனைவி செல்வி தகர டின்னைத் தட்டிக்கொண்டே ஓடி விரட்டிவிட்டார். புதுப் பெட்டியோடு நான் போனபோது மிச்சப் பாத்திகள் அப்படியே இருந்தன. செல்வி மட்டும் வாசலை மறித்து நின்றார்.

"இந்த வாசல் கேமரா மட்டும் முன்ன மாதிரி அணையுறபடியே கெடக்கட்டும்ணே. மேகம் எறங்குன நேரமாச்சும், 'என்ன சோலியில்லாம ஒக்காந்திருக்க'ன்னு இவரு போன் போடாம இருக்காரு."

ஆகவே அன்பர்களே, துளையை எண்ணாமல் மேகம் மூடிய நேரத்து வாட்டைக் கூட்டி அதற்கும் மேலான பெட்டியாக வாங்குங்கள். வாசலுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை மட்டும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.