கண்ணாடிப் பெட்டியில் தெரிந்த சுவர்

கேமரா அக்காவிடம் வழி கேட்டவர்கள் யாரும் ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. "இடது பக்கம் திரும்புங்க" என்பாள். கை வலது பக்கம் நீளும். தம்பி அவளுக்கு 'இடவலம்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தான். அவள்தான் என்ன செய்வாள், பாவம்! பிழைப்பு அப்படி.

கண் வைத்துப் பார்க்கிற சிறு சன்னல் லென்ஸுக்கு மேலே தனியாக இருக்கும் பழைய கேமராக்கள் உண்டல்லவா? அவற்றில் தூரத்து லென்ஸை மாட்டினால், அது எதைப் பார்க்கிறதென்று நமக்குச் சரியாகத் தெரியாது. அதற்காக அந்தக் காலத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் அதை மாட்டி, மேலிருந்து குனிந்து பார்த்தால், உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி லென்ஸ் காண்பதை அப்படியே காட்டும். அப்படியே என்றா சொன்னேன்? இடதை வலதாக்கி, வலதை இடதாக்கிக் காட்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்கா இந்தப் பெட்டிகளைப் பிரித்து, பழுதுபார்த்துப் பூட்டுகிறாள். கண்ணாடி காட்டுவதை மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

பூட்டிய பெட்டியை அவள் சோதிப்பது தம்பி வீட்டுச் சுவரில். அவள் பட்டறை மாடிச் சன்னலுக்கு எதிரே ரயில் பெட்டிகள் நிற்கும் பெரிய திடல். அதற்கு அப்பால் தம்பி குடியிருக்கும் அடுக்குமாடியின் முதுகு, பூசாத செங்கல் சுவர். செங்கல் கோடு கூர்மையாக விழுந்தால் பெட்டி சரி. மூன்றாம் மாடியில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இரண்டு சன்னல்கள்: திடலிலிருந்து பார்த்தால் இடது படுக்கையறை, வலது சமையலறை. அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கண்ணெட்டும் தூரத்தில் இருக்கிறான் என்பதே அவளுக்கு ஆறுதல். இப்போது அவன் காலை முறித்துக்கொண்டு தொடைவரை கட்டோடு கிடந்தான். பெண்டாட்டி தோள் கொடுத்தால்தான் நகர முடியும்.

அந்த வாரம் பறவைக்காரரின் பெட்டி பட்டறைக்கு வந்திருந்தது. பறவைகளைப் படம் பிடிப்பதற்கென்றே திரிகிற மனிதர். பறக்கிற பறவையை இடம்வலம் மாற்றித் துரத்த முடியுமா? அதனால் பெட்டியின் தலையில், படத்தை நேராக்கிக் காட்டும் பிரிஸம் ஒன்றை மாட்டியிருந்தார். அதன் வழியாகத்தான் அக்கா அந்த விரிசலைப் பார்த்தாள். மூன்றாம் மாடிச் சன்னலோரத்திலிருந்து செங்கல் செங்கலாகப் படியிறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பார்த்தால் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் விரிசலுக்குள் இருட்டு தெரிந்தது.

கட்டட மேனேஜரை அழைத்தாள். "பழைய கட்டடம்னா அப்படித்தாம்மா இருக்கும். மழை விட்டதும் பூசிடலாம்" என்று போனை வைத்துவிட்டான். நாசமாய்ப் போகிறவன்! திடல் பக்கம் யாரும் போக முடியாது, வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவள் சொன்னால்தான் உண்டு.

"டேய், படுக்கை ரூம் சுவர் விட்டுப்போச்சுடா. என் வீட்டுக்கு வந்துடு" என்றாள் தம்பியிடம்.

"இந்தக் காலோட மூணு மாடியா? என்னை மூட்டை கட்டித்தான் இறக்கணும்."

"ஞாயித்துக்கிழமை ஆள் கூட்டிட்டு வந்து நாற்காலியில வெச்சு இறக்கறேன். அதுவரைக்கும் கட்டிலைச் சமையல்கட்டுல போடு."

"சமையல்கட்டுலயா? உன் தம்பி பொண்டாட்டி என்னையும் சேர்த்துத் தாளிச்சிடுவா." சிரித்து முடித்துவிட்டு, "சரிக்கா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டிலைத் தூக்கிப் போட்டார்கள். அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். கொடுமை அதுதான்.

மறுநாள் காலையில் பறவைக்காரர் வந்து தன் பெட்டியை வாங்கிப் போனார். அக்கா அடுத்த பெட்டியை எடுத்தாள். பிரிஸம் இல்லாத சாதாரணப் பெட்டி. லென்ஸை மாட்டிக் குனிந்தாள். கண்ணாடியில் விரிசல் இடது சன்னலோரம் இருந்தது. நேற்றுவரை வலது சன்னலோரம் அல்லவா பார்த்தாள்? இன்னொரு விரிசலா? நிமிர்ந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். ஒரே விரிசல்தான். இப்போது விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

அப்புறம் புரிந்தது. பிரிஸம் நேராகவே காட்டிய வலது சன்னலை அவள் மனசு பழக்கதோஷத்தில் இடது என்று திருப்பிப் போட்டிருக்கிறது. அந்தப் பிரிஸத்தைத் துடைத்து மாட்டியவளே அவள்தான்! சுவர் விட்டிருப்பது சமையலறையில். தம்பியை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்ததும் அவள்தான். இரண்டு தரம் தப்பாக அழுத்தி, மூன்றாம் தரம் போன் போயிற்று.

"அவ எங்கடா?"

"மருந்து வாங்க இப்பத்தான் இறங்கினா. ஏன்க்கா?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன்டா. சமையல்கட்டுதான் ஆபத்து. உடனே வெளிய வா. தவழ்ந்தாவது வா."

"இடவலம்! மறுபடியுமா?" சிரித்தான். அக்கா விம்மினாள். அதைக் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றது. "அழாதக்கா. இதோ இறங்கறேன். ரெண்டு கையும் வேணும், போனைக் கட்டில்லயே வைக்கறேன். நீ வெச்சிடாத."

கட்டுப்போட்ட கால் தரையில் மோதியது. அம்மா என்று ஒரு முனகல். பிறகு துணி தரையில் இழுபடும் சத்தம், மூச்சு, மறுபடி இழுபடும் சத்தம்.

"வாடா, வாடா என் ராஜா" என்று போனில் சொல்லிக்கொண்டே அக்கா பெட்டிமேல் குனிந்தாள். சன்னலோரச் செங்கற்கள் வயிறு தள்ளியதுபோல் வெளியே பிதுங்கின. கண்ணாடியில் எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. சன்னல் சாய்ந்தது, அதற்கு மேலிருந்த சுவரும் அதன் பின்னாலேயே இறங்கியது. சத்தம் காதில் இருந்த போனில் வந்தது.

கண்ணாடி முழுக்கத் தூசி. ஆனால் போன் அறுந்துபோகவில்லை. அதற்குள் எங்கோ குழாய் உடைந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில், அந்த வீட்டுப் படிக்கட்டில், தம்பி பெண்டாட்டி அலறிக்கொண்டே ஏறி வருவது கேட்டது. புருஷனைத்தான் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

அக்கா போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தாள். "அவ கூப்பிடறா பாருடா" என்றாள். "ஏதாவது சொல்லுடா."