ஒரு கை மணல்

என் வாழ்நாளில் நான் எழுதிய கதைகளில் ஒன்றே ஒன்றுதான் ஊர் முழுக்கப் பேசப்பட்டது. அதை எழுதியிருக்கவே கூடாது என்று இந்த வயதில் சொல்வது சுலபம். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. குன்னத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். ஊரில் ஒரு வாசகசாலையும், மாதம் ஒரு பிரதி மட்டும் வெளிவருகிற ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினோம். பத்திரிகை முழுக்க என் கையெழுத்துதான். படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே உரக்கப் படிப்பேன். நிலபுலன் உள்ளவர்கள் உள்ளே ஜமுக்காளத்தில் உட்காருவார்கள். சேரியிலிருந்து வருகிறவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்பார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்திப் படித்தேன். அதுவே பெரிய முற்போக்கு என்று எனக்கு நினைப்பு.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வரகு முளைத்த இடத்திலேயே கருகியது. கடைசியில் கொடும்பாவி கட்டி இழுத்தார்கள். ஊரில் எவனோ பெரும்பாவி இருப்பதால்தான் மழை வரவில்லை என்று வைக்கோலில் அவன் உருவத்தைச் செய்து, தெருத் தெருவாக இழுத்துப் போய், மாரடித்து ஒப்பாரி வைத்து, எல்லையில் கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். கொளுத்தியும் ஒரு தூறல் இல்லை. அதற்குப் பிறகுதான் ஊரின் கண் எஞ்சின் பக்கம் திரும்பியது.

எஞ்சின் வைத்திருந்தவர் சேரிக்காரர். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்து ஆலையில் எஞ்சின் ஓட்டியவர். யுத்தம் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே ஊர் திரும்பி, தரிசாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தையும் அதிலிருந்த ஆழக் கிணற்றையும் குத்தகைக்குப் பிடித்தார். திருச்சியிலிருந்து ஒரு பழைய ஆயில் எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். சுற்று வட்டாரமே காய்ந்து கிடக்க, அவர் போட்டிருந்த சின்ன வெங்காயம் மட்டும் பச்சையாக நின்றது. எஞ்சின் கக்கும் கரும்புகைதான் மேகத்தைக் கலைக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கதைக்கு நல்ல சரக்கு என்று பட்டது.

நூறு வருஷம் கழித்து நடப்பதாக ஒரு விஞ்ஞானக் கதை எழுதினேன். மலை உச்சியில் ஒரு ராட்சச யந்திரம் வானத்து மேகங்களையெல்லாம் உறிஞ்சிக் குடிக்கிறது. பூமி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. மூன்று மாதம் தொடராகப் படித்ததில், நாலாவது மாதம் யந்திரம் எப்படி அழியப்போகிறது என்று ஊரே காத்திருந்தது. சிக்கல் என்னவென்றால், எனக்கே அது தெரியாது. யந்திரத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமல்தான் அவ்வளவும் எழுதியிருந்தேன்.

அதனால் எஞ்சின்காரரிடமே போனேன். எங்கள் தெருவிலிருந்து ஒருவன் தன் எஞ்சினைப் பார்க்க வந்துவிட்டான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தகர டின் ஒன்றைத் துண்டால் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. கை கூசுகிறது.

"இந்த எஞ்சினைக் கெடுக்கணும்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுக்கு சம்மட்டியெல்லாம் வேணாங்க வாத்தியாரய்யா. இந்த எண்ணெய் ஊத்துற வாயில ஒரு கை மணல் போட்டா போதும். உள்ளாற எல்லாத்தையும் அராவி எடுத்துடும். அப்பறம் பழைய இரும்புக்குத்தான் ஆவும்."

அதை அப்படியே கதையில் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யந்திரத்தை ஓட்டுகிற துஷ்டனுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. வேறொன்றும் தோன்றாததால், அவருடைய வலது மணிக்கட்டில் பார்த்த தீக்காயத் தழும்பை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் நிற்க இடமில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்ததால் அவர் வரவில்லை. குடியானவன் ஒருவன் மலையேறிப் போய் யந்திரத்தின் வாயில் ஒரு கை மணலைப் போடுகிறான். யந்திரம் அலறி வெடிக்கிறது. அடைபட்டிருந்த மேகங்கள் விடுதலையாகி மழை கொட்டுகிறது, காடுகழனி துளிர்க்கிறது. மணிக்கட்டில் தழும்புள்ளவன் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிறான். இந்தக் கடைசி வரிக்குத்தான் கைதட்டல் அதிகம். தழும்பு யாருடையது என்று உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். கைதட்டல் ஓயட்டும் என்று நான் காத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உச்சி குளிர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் எஞ்சின் நின்றுபோனது. எண்ணெயோடு மணல் கலந்திருந்தது.

கிராம மணியக்காரர் கிணற்றடிக்கு வந்து விசாரித்தார். பாதி ஊர் கூடியிருந்தது, நானும் இருந்தேன். "மணல் போட்டா எஞ்சின் கெட்டுப்போவும்னு யாருக்குய்யா தெரியும்?" என்று எஞ்சின்காரரைக் கேட்டார். கூட்டத்தில் ஒருவர்கூட வாசகசாலையைப் பற்றிப் பேசவில்லை. எஞ்சின்காரரும் என் பக்கம் திரும்பவே இல்லை. "காத்துல அடிச்சிருக்குங்க, மூடி தொறந்து கெடந்துச்சு" என்றார். மணியக்காரருக்கும் அதுதான் வசதியாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். வேலை போய்விடும், ஊர்க்காரர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்ற பயம்.

எஞ்சின்காரர் அரியலூருக்கும் திருச்சிக்கும் அலைந்து பார்த்தார். யுத்த காலத்தில் உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? அவரும் அவர் மனைவியும் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். அவ்வளவு ஆழக் கிணற்றிலிருந்து குடத்தால் ஒரு வயலைக் காப்பாற்ற முடியாது. ஒரு வாரத்தில் வெங்காயத் தாள் மஞ்சளாகி மடிந்து விழுந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து மழை வந்தது. சும்மா தூறல் இல்லை, ஏரி நிரம்புகிற மழை. காய்ந்து கிடந்த ஊர் ஒரே வாரத்தில் பச்சை பிடித்தது. ஏர் பூட்டினார்கள், பெண்கள் விதைக்கூடையோடு பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். "வாத்தியாரு எழுதுன மாதிரியே நடந்துபோச்சு பாத்தீங்களா" என்று எதிர்ப்பட்டவரெல்லாம் சொன்னார்கள். வாசகசாலையில் எனக்கு மாலை போட்டு, கடைசிப் பகுதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். படித்தேன். தழும்பு வரும் வரியை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அது இல்லாமல் விட மாட்டோம் என்றார்கள். அதையும் படித்தேன்.

பயிர் போனதும் நிலக்காரர் குத்தகையை எடுத்துவிட்டார். ஒரு நாள் காலை, பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்துக்கு எஞ்சின்காரர் வாசலில் வந்து நின்றார். மனைவி மூட்டையோடு சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"திருச்சிப் பக்கம் போறோங்க. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார்.

சரி என்று தலையை ஆட்டினேன். அவர் நகரவில்லை.

"கடைசி ஞாயித்துக்கெழம நான் வரலீங்க. மிஷின் வெடிச்சுப்போச்சுன்னு சொன்னாங்க. அதை ஓட்டுனவன் என்னங்க ஆனான்?"

மன்னிப்புக் கேட்க எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. நான் இன்னொரு கதை சொன்னேன்.

"பொழச்சிக்கிட்டான். வேற ஊருக்குப் போயி நல்லா இருக்கறதா எழுதியிருக்கேன்."

அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க வூட்டுல அன்னைக்கு மரத்தடியில நின்னு கேட்டாங்க. அவன் வெள்ளத்துல போயிட்டான்னு சொன்னாங்க" என்றார். பிறகு, "தூரத்துல நின்னதால அவங்களுக்குச் சரியா காதுல வுழுந்திருக்காது. வரேங்க" என்று கும்பிட்டுவிட்டு நடந்தார்.

சாலைக்குப் போய்ச் சேர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவு தூரம்தான். நான் உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தேன்.