கன்னியாஸ்திரியை வெட்ட ஆளில்லை

குருநகரில் கோயில் திருநாளுக்கு எங்கள் தெரு கூத்துப் பழகியபோது கன்னியாஸ்திரி வேஷம் எனக்குக் கிடைத்தது. பக்தியால் அல்ல, இளந்தாரிகளுக்குள் மீசை ஒழுங்காக முளைக்காதவன் நான்தான். பணக்கார வீட்டை விட்டு மடத்தில் சேர்ந்து, தொழுநோயாளரின் புண் கழுவி, வேதத்தை மறுக்கச் சொன்ன அரசனிடம் முடியாது என்று தலையைக் கொடுத்தவள் அவள். நானோ காலில் முள் குத்தினாலே தெருவைக் கூட்டுகிறவன். வாளைக் கண்டதும் அவள் என்ன நினைத்திருப்பாள்? எனக்கு அதே யோசனைதான்.

அதற்குள், அவளை வெட்டுகிற சேவகனாக ஆட இருந்த பக்கத்து வீட்டு அண்ணை மாட்டேன் என்றுவிட்டார். அவர் மனைவி பிள்ளைத்தாச்சி. முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை. இந்த நேரத்தில் மோட்சத்துக்குப் போன ஒருத்தியைப் புருஷன் வெட்டுவதா என்று அண்ணி மறித்துவிட்டார். அதைக் கேட்டபின் வாளைத் தொட வேறு ஒருவரும் வரவில்லை. இப்படியே போனால் அவள் வேதசாட்சியாகாமல் கிழவியாகித்தான் சாகவேண்டும்.

வெள்ளை உடுப்பும் முக்காடுமாக நானே தூது போனேன்.

“அண்ணி, நான் அண்ணையை மன்னிச்சிட்டன். விடுங்கோ.”

அண்ணி மேலும் கீழும் பார்த்தார். “என்ரை கருவாட்டைக் களவெடுத்துத் திண்ட நீ ஆரடா மன்னிக்க?”

“அது பூனை, அண்ணி.”

“ஓம், முக்காடு போட்ட பூனை.” பிறகு குரல் தணிந்தது. “அவ வெட்டினவனை மன்னிச்சவவோ?”

“ஓம். கடைசிப் பாட்டே அதுதான்.”

“கடைசியிலை வேண்டாம். அவர் வாளைத் தொட முதல் மன்னிக்கவேணும். வீட்டையும் சேர்த்து.”

கூத்துப் பழக்கிய அண்ணாவியார், பாட்டை இடம் மாற்றுவதா என்று கோபத்தில் குதித்தார். பிறகு பாட்டை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

திருநாள் இரவுக் கூத்து முடிவுக்கு வரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. எனக்கு முன் மண்டியிட்ட அண்ணையின் தலையில் கைவைத்து, அவர் வீடும் பிள்ளையும் வாழப் பாடினேன். அவர் எழுந்து வாளை எடுக்க, நான் மண்டியிட்டுக் கழுத்தை நீட்டினேன். எடுத்தவர் அழத் தொடங்கினார்.

“வெட்டுங்கோ அண்ணை, முழங்கால் நோகுது” என்று முணுமுணுத்தேன்.

வெட்டினார். விழுந்தேன். ஆனாலும் அண்ணிக்குத் திருப்திதானா என்று அறியாமல் எப்படிச் சாவது? ஒரு கண்ணைத் திறந்தேன். முன்னால் பாயில் இருந்த அண்ணி வயிற்றில் சிலுவை வரைந்துகொண்டிருந்தார். என் கண்ணைக் கண்டதும் அந்தக் கை நின்றது, முகம் வெளிறியது. சரியாகச் சாகாதவள் கொடுத்த மன்னிப்புச் செல்லுமோ?

சட்டென்று கண்ணை மூடினேன். அண்ணி பாயைச் சுருட்டிக்கொண்டு போகும் மட்டும், மூக்கில் ஈ நடந்தும், அசையாமல் செத்துக் கிடந்தேன்.