தொடாமல் வீசிய துண்டு

மீனவர் வீட்டில் பிறந்தும் எனக்குக் கடல் ஆகாது. படகு ஆடினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால்தான் மரக்காணம் அளத்தில் உப்பு வாரப் போனேன். "உப்புத் தண்ணிக்குப் பயந்து உப்புலயே போய் வுழுந்தவன்டா நீ" என்று அண்ணன் கேலி செய்வான்.

சுனாமி வந்து ஒன்றரை வருஷம் கழித்து, ஓர் ஆனி மாதத்தில், அந்த அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போயிருந்தான். கப்பல் போகிற தடத்தில் மீன் நிறைய நிற்கிறதாம், அங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று நாள் தேடினார்கள். நான்காம் நாள் காலை, தூரத்தில் ஏதோ வெள்ளையாகக் கவிழ்ந்து மிதப்பது கரையிலிருந்தே தெரிந்தது. அண்ணன் படகின் அடியும் வெள்ளைதான். தேடப் போகிறவர்கள் படகைக் கண்டுபிடித்தால் துண்டை வீசிக் கரைக்குச் சொல்ல வேண்டும். அதுவும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான். குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறை அது. கடலுக்கே போகாத எனக்குத் துண்டு வீசுவது மட்டும்தான் தெரியும், தொட வேண்டும் என்பது தெரியாது.

அன்று பெரியப்பாவின் படகில் நானும் ஏறினேன். வழியெல்லாம் வாந்தி. வெள்ளை அடி பளிச்சென்று தெரிந்ததும் எழுந்து நின்று துண்டை வீசிவிட்டேன்.

"டேய், தொடாம ஏன்டா வீசுற?" என்று பெரியப்பா கத்தினார். அதற்குள் கரையில் ஒரு பச்சைப் புடவை தண்ணீரை நோக்கி ஓடியது. அண்ணி.

அது திமிங்கலம். செத்து மல்லாந்து கிடந்தது. வெள்ளையாகத் தெரிந்தது அதன் வயிறு. விலாவில் வரிசையாக நாலு வெட்டு, ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்கு.

"கப்பலுக்கு அடியில சுத்துற விசிறி வெட்டினது" என்றார் பெரியப்பா. "மூச்சு வாங்க மேல வந்திருக்கும்."

"கப்பல்காரனுக்குத் தெரியாதா?"

"அம்மாம் பெரிய கப்பலுக்கு இது இடிச்சதெல்லாம் எங்கப்பா தெரியப்போவுது?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். இவ்வளவு பெரிய உயிரே தெரியாது என்றால் அண்ணனின் படகு எம்மாத்திரம்? முகம் தெரியாத அந்தக் கப்பல்காரன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

நாங்கள் கரைக்குத் திரும்பியபோது அண்ணி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். "துண்டு வீசினியே தம்பி" என்றாள்.

மறுநாள் திமிங்கலம் கரை ஒதுங்கியது. அதிகாரிகள் வந்து அளந்து மணலில் புதைத்தார்கள். குப்பத்துப் பெண்கள் மஞ்சள் தூவிக் கற்பூரம் ஏற்றினார்கள். அண்ணனுக்கு எதுவுமே செய்யவில்லை. உடம்பு கிடைக்காமல் எப்படிச் செய்வது? அண்ணியும் பொட்டை அழிக்கவில்லை.

நான் அளத்துக்குத் திரும்பினேன். என்னைக் கேலி செய்ய இனி ஆளில்லை. வெயிலில் தனியாக உப்பு வாரும்போது அதை நினைத்து அழுதேன்.

புதைத்த மூன்றாம் நாள் வேலை முடிந்து வரும்போது, திமிங்கலத்தின் குழிமேட்டில் அண்ணி ஒரு சொம்புப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு.

"இந்தப் பால் இதுக்கு மட்டும்தான், உங்கண்ணனுக்கு இல்ல" என்றாள் என்னைப் பார்த்ததும். "நாளைக்குத் தேடப் போவியா தம்பி? இந்தவாட்டி தொட்டுப் பாத்துட்டு வீசு."

சரி என்றேன். தேடுவதை எல்லோரும் முந்தாநாளே நிறுத்தியிருந்தார்கள்.