பின்படிக்கட்டு செக்கிங்

மெல்பர்னில் நான் வேலைக்குச் சேர்ந்த பெரிய கடையில், ஊழியர்கள் வெளியே போவதற்கென்று பின்பக்கம் ஒரு கதவு உண்டு. முதல் நாள் வேலை முடிந்து அங்கே போனபோது டெபி என்கிற மேனேஜர் நின்றிருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். "பேக் செக்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஓகோ, இந்த ஊரிலும் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். கைப்பையை மேசைமேல் வைத்தேன். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன். இரண்டு கைகளையும் தோளுக்கு நேரே நீட்டினேன். அவளுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று திரும்பி முதுகையும் காட்டி நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து "ஆர் யூ ஓகே?" என்று குரல் வந்தது. தடவிப் பார்க்க அனுமதி கேட்கிறாள் போலிருக்கிறது, என்ன மரியாதை என்று மெச்சிக்கொண்டு "யெஸ், ப்ளீஸ்" என்றேன். டெபி ஓடிப்போய் ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தாள். எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

இவர்கள் ஊர் செக்கிங் என்ன தெரியுமா? நாமே பையைத் திறந்து காட்ட வேண்டும். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். பையைக்கூடத் தொடமாட்டாள். பார்த்துவிட்டு "தேங்க் யூ, சாரி" என்பாள். எதற்கு சாரி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அதற்காக நம்மை ரொம்ப நம்பிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தலைக்கு மேல் எங்கே பார்த்தாலும் கேமரா. மூக்கைச் சொறிந்தால்கூட எங்கோ ஒரு அறையில் ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் உடம்பில் கை வைக்க மாட்டார்கள். வந்த புதிதில் அது எனக்குக் கொடுத்த நிம்மதி கொஞ்சநஞ்சம் இல்லை. தினமும் அந்தக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் வெயிலோ குளிரோ, ஒரு நிமிடம் நின்று மூச்சு விட்டுவிட்டுத்தான் ரயிலுக்குப் போவேன்.

தாம்பரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், அதிலும் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்கள், நான் ஏன் கையை நீட்டினேன் என்று கேட்கமாட்டார்கள். எண்பதுகளில், மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு ஜவுளிக்கடையில் நான் சேல்ஸ் கேர்ள். கடையின் பெயர் வேண்டாம். கிழக்குத் தாம்பரத்திலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி நடந்தே போய்விடுவேன். கடைக்குள் நுழைவது முன்வாசல் வழியாக. வெளியேறுவது பின்படிக்கட்டு வழியாக. ஆண்களை வாட்ச்மேன் தடவி அனுப்புவார். பெண்களுக்குப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பச்சைத் திரை. அதற்குள் பத்மா அக்கா நிற்பார். புருஷனை இழந்தவர். எங்களுக்கெல்லாம் மூத்தவர். அவருடைய முழு வேலையே எங்களைத் தடவிப் பார்ப்பதுதான். கொண்டை போடக் கூடாது, ஒற்றைப் பின்னல்தான், ஏனென்றால் கொண்டைக்குள் ரவிக்கைத் துணி போகுமாம். டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். புடவைக்குள் புடவை சுற்றிக்கொண்டு போனவள் ஒருத்தி என்றைக்கோ இருந்தாளாம், அவள் புண்ணியத்தில் எங்கள் எல்லோருடைய கொசுவத்தையும் பத்மா அக்கா விரலால் கிள்ளிப் பார்ப்பார். சாப்பாட்டுக்குப் போனாலும் சரி, வீட்டுக்குப் போனாலும் சரி. எனக்கு அது எவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று எழுதினால் தீராது. வீட்டுக்கு வந்து குளித்தால்தான் அந்தக் கை போகும்.

கல்யாணம் ஆன மறுவருஷம் நான் உண்டானேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மறைமலை நகர் பக்கத்துத் தொழிற்சாலையில் லாக்அவுட். கேட்டில் பூட்டு தொங்கியது. அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான். எங்கள் கடையிலோ, கல்யாணம் ஆனால் பரவாயில்லை, வயிறு தெரிந்தால் வேலை போய்விடும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை. வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இவருடைய பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்து, பாவாடைக்கு உள்ளே வயிற்றை இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். மூச்சு முட்டும். தீபாவளி வரை தாக்குப்பிடித்தால் போதும், அதற்குள் லாக்அவுட் முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு. இவர் தினமும் காலையில் அந்தத் துணியைப் பார்ப்பார், சட்டையை மாட்டிக்கொண்டு யூனியன் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், மதியம் கூட்டம் கொஞ்சம் தணிந்த நேரம். பட்டு செக்‌ஷனில் அரக்கு நிறத்தில் ஒரு புடவையைக் காணோம். சாதாரணப் புடவை இல்லை, கடையிலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது. முதலாளியின் தம்பி, எல்லோருக்கும் அவர் சின்னவர், மேலும் கீழும் ஓடினார். முகம் கருத்துவிட்டது. வெளியாள் எடுத்திருக்க முடியாது, உள்ளே இருக்கிறவர்கள் வேலைதான் என்று தீர்மானம் பண்ணி, எல்லோரையும் அப்போதே சோதிக்கச் சொன்னார். பத்மா அக்காவின் கை போதாது என்று நினைத்தாரோ என்னவோ, மாடியில் குடியிருந்த தன் மனைவியையும் இறக்கிவிட்டார். திரைக்குள் பத்மா அக்கா, திரைக்கு வெளியே சின்னவர் மனைவி. பத்மா அக்கா விட்டதை அவர் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்வந்தார்கள். அடுத்தது என் முறை. இடுப்பைச் சுற்றிக் கெட்டியாக ஒரு துணி. எவள் நம்புவாள்? திருடி என்று பெயர் வந்தால் தாம்பரம் மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் கால் வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முக்காடு போட்டுக்கொண்டு எந்த முகத்தோடு உட்காருவேன்?

திரைக்குள் போனேன். பத்மா அக்காவின் கை இடுப்புக்கு வந்து நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஸ்டெல்லா, ரெண்டு மாசமா எனக்குத் தெர்யும்," என்றார் காதருகே, ரகசியமாக. "என் கைக்குத் தெரியாதா? நான்தான் வாயத் தொறக்கல. ஆனா இன்னிக்கு சின்னவர் வூட்டம்மா வெளிய நின்னுகினு கீறாங்க."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் என் வாயைப் பொத்தினார்.

"அவுத்தா வேல பூடும். அவுக்காட்டி மானம் பூடும். நீயே சொல்லு, இன்னா செய்யலாம்?"

யோசிக்கவெல்லாம் நேரமில்லை. நானே முடிச்சைத் தேடி அவிழ்த்தேன். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் சுற்றிச் சுற்றித் திரும்பினேன். துணி முழுக்கக் கழன்றதும் வந்த மூச்சு இருக்கிறதே, அப்பாடா! வேலை போகப்போகிறது என்று நன்றாகத் தெரிந்தும், அந்த ஒரு நொடியில் எனக்கு இருந்தது சந்தோஷம்தான். என் வயிறு எவ்வளவு பெரிது என்று நானே அன்றைக்குத்தான் நின்றுகொண்டு பார்த்தேன். புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். சின்னவர் மனைவியின் கை என் இடுப்பை நோக்கி வந்து, பாதியில் அப்படியே நின்றது.

எத்தனை மாசம் என்று கேட்டார். ஆறு என்றேன். பத்மா அக்கா கையிலிருந்த துணியைக் காட்டி அது என்ன என்று கேட்டார்.

"அவ வூட்டுக்காரரு வேட்டிம்மா," என்றார் பத்மா அக்கா. "கரையப் பாருங்க. நம்ம கடையில இந்தக் கரை ஏது?"

சின்னவர் மனைவி கரையைப் பார்க்கவில்லை. என் வயிற்றையும் அந்தக் கிழிசல் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதப் போய் இப்படியா கட்டுவாங்க" என்று மட்டும் முணுமுணுத்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

அந்த நேரத்தில்தான் கடையின் முன்பக்கம் சத்தம் கேட்டது. கேளம்பாக்கத்திலிருந்து கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்து அம்மா, வாசல் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மையைக் காட்டி, அது கட்டியிருக்கிற அரக்குப் புடவைதான் வேண்டும், எடுத்துப் போடுங்கள் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். சேல்ஸ்மேன் திருதிருவென்று விழித்தான். காணாமல்போன பட்டுப்புடவை பொம்மையின் உடம்பில் இருந்தது! அன்று காலையில் சின்னவரே, பொம்மைக்கு நல்லதா ஒண்ணு கட்டிவிடு என்று சொல்லியிருக்கிறார். கட்டியவன் சாப்பிடப் போய்விட்டான். சொன்னவர் மறந்துவிட்டார். உயிரோடு இருக்கிற அத்தனை பேருடைய இடுப்பையும் தடவிப் பார்த்தவர்களுக்கு, பொம்மையைப் பார்க்கத் தோன்றவில்லை. படிக்கட்டில் நின்ற பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அப்புறம் பொத்தாமலே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்துவிட்டது.

மறுநாள், கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டுதான் போனேன். வயிற்றில் துணி சுற்றவில்லை. சின்னவர் எந்தப் பெண்ணின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கும் நிலைமையில் இல்லை. அவர் மனைவிதான் மாடியிலிருந்து இறங்கிவந்து, ரவிக்கைத் துணி கவுன்டரில் எனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப்போனார். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. தீபாவளிக் கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம், எனக்கென்ன? அந்தக் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் சேல்ஸ் கேர்ள் நான்தான். லாக்அவுட் தீபாவளிக்கு முடியவில்லை, கிறிஸ்துமஸுக்கும் முடியவில்லை. நான் பிரசவத்துக்குப் போகும்வரை அந்த ஸ்டூல்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது.

செக்கிங் நின்றதா என்று கேட்கிறீர்களா? அதெல்லாம் நிற்கவில்லை. பச்சைத் திரை அப்படியே இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று மாறிப்போனது. பத்மா அக்கா மற்றவர்களைத் தடவுவதுபோல என்னையும் தடவுவார், கடைசியில் உள்ளங்கையை வயிற்றின்மேல் ஒரு கணம் வைப்பார். "நல்லாக்கீது, போ" என்பார். என் அம்மா செங்கல்பட்டில் இருந்தார், மாமியார் இல்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று தினமும் விசாரித்த ஒரே ஆள், என்னைத் திருடியா என்று சோதிக்கச் சம்பளம் வாங்கியவர். ஒருநாள் அவர் கை வைத்திருக்கும்போதே குழந்தை உதைத்தது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டு, திரைக்கு வெளியே தலையை நீட்டி, "சார், உள்ள இன்னொரு ஆளு கீது, செக் பண்ணிட்டேன், ஒண்ணும் எடுக்கல" என்று கத்தினார். வாட்ச்மேன்கூடச் சிரித்துவிட்டார்.

அந்தக் குழந்தைதான் ஷீபா. பிறகு இவருக்கு வேறு தொழிற்சாலையில், கருவிகள் செய்கிற டூல்ரூமில் வேலை கிடைத்து, அந்த அனுபவத்தைக் காட்டி மெல்பர்னுக்கு வந்தோம். ஷீபா இங்கேயே படித்து வளர்ந்தாள். உன் உடம்பு உன்னுடையது, கேட்காமல் யாரும் தொடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். என்ன அருமையான பாடம்! எனக்கு அதை யாராவது சொல்லியிருந்தால் என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன். அவள் எந்தக் கடைக்கு வேலைக்குப் போனாலும் எந்தத் திரைக்குள்ளும் நிற்கமாட்டாள். அந்த நினைப்பே எனக்குப் பெரிய ஆறுதல். அதற்காகவாவது இந்த ஊருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போன விடுமுறைக்குத் தாம்பரம் போயிருந்தபோது அவளை இரும்புலியூருக்கு, பத்மா அக்கா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, வேலையை விட்டு ரொம்ப நாளாகிறது. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஷீபாவைக் கிட்டே இழுத்து நிறுத்தினார். தோளிலிருந்து ஆரம்பித்து, கையின் இரண்டு பக்கமும், முதுகு, இடுப்பு என்று இரண்டு கையாலும் தடவிக்கொண்டே வந்தார். கண்ணில் தண்ணீர். ஷீபா கட்டைபோல விறைத்து நின்றாள். அக்கா மனம் நோகக் கூடாது என்று சிரித்த முகத்தை மாற்றாமல், இங்கிலீஷில், "அம்மா, ப்ளீஸ், டெல் ஹர் டு ஸ்டாப்" என்றாள்.

"பாப்பா இன்னா சொல்லுது?" என்று பத்மா அக்கா என்னைக் கேட்டார்.

என் மகள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். அந்த நியாயத்துக்காகத்தான் நான் கடல் தாண்டினேன். ஆனால் அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கை சில்லுனு இருக்காம் அக்கா," என்றேன்.

அவர் உடனே கையை எடுத்தார். இரண்டு உள்ளங்கையையும் புடவையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கினார். மறுபடியும் என் மகளின் இடுப்பில் வைத்தார். ஷீபாவுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அவள் விலகாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.