பாட்டு நின்றால் வாய் மூடிக்கொள்ளும்

பிள்ளை பார்க்கிற தொழிலில் முதலாளி வேறு, சம்பளம் கொடுப்பவர் வேறு. முதலாளி இன்னும் பேம்பர்ஸ்தான் கட்டிக்கொண்டிருப்பார்.

பண்டமாரானில் எங்கள் வீட்டு முன்கூடம்தான் என் தொழிற்கூடம். துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகிற அம்மா அப்பாக்கள் காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு, சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவார்கள். என் மகள் ரித்திகாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவள் நான். ஒன்றைப் பார்ப்பதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று ஆரம்பித்தேன். நான் படித்தது ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். பிள்ளை வளர்ப்புக்கென்று சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் கிடையாது. பக்கத்து வீட்டு காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, மத்தியானத்தில் கைகொடுக்க வருவார். மலாய்க்காரர்தான், ஆனால் தோட்டத்திலேயே வளர்ந்தவர்; என் கணவரைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

போனைப் பிடுங்கினால் பிள்ளை கத்துகிறது, கொடுத்தால் மனசாட்சி கத்துகிறது என்று தவிக்கிறவர்கள் எல்லாரும் வாருங்கள், உட்காருங்கள். பாயில் இடம் இருக்கிறது.

பையோடு வந்த போன்

தர்ஷன் முதல் நாள் வந்தபோது பையில் பேம்பர்ஸ், பால் புட்டி, மாற்றுச் சட்டை எல்லாம் இருந்தன. அடியில் ஒரு பழைய போன், சார்ஜரோடு. ரப்பர் உறையில் பல் தடம். இரண்டு வயதுப் பையனுக்குச் சொந்தமாகப் போனா என்று நான் பார்த்த பார்வையிலேயே அவன் அம்மா ஷாலினிக்குப் புரிந்துவிட்டது. துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கு அலுவலகத்தில் ஷிப்ட் வேலை அவளுக்கு. கணவர் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். என்னைவிட மூத்தவள்தான், ஆனாலும் இந்தத் தொழிலில் நான் எல்லா அம்மாக்களுக்கும் அக்கா.

என் வீட்டில் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் போன் எடுப்பதில்லை என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. கிளினிக்கில் போன தடவை நிறுத்துப் பார்த்து, எடை போதாது என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த தடவையும் இப்படியே இருந்தால், தைப்பிங்கிலிருந்து மாமியார் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். அப்புறம் லீவு கிடைக்கிற நாளில்தான் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியும். போன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது, அதனால்தான் போன் என்றாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சமையல் குறிப்பு சொல்வதுபோல் ஊட்டும் முறையையும் சொல்லிவிட்டு காருக்கு ஓடினாள்.

"பாட்டு போட்டா வாய் தொறப்பான், பாட்டு நின்னா மூடிக்குவான். விளம்பரம் வரும்போது மட்டும் வாயில வெச்சிராதீங்க அக்கா, துப்பிருவான்!"

நானும் பாடினேன்

போனுக்குப் பதிலாக நானே பாடுவது என்று முடிவு செய்தேன். பள்ளி விழாவில் கும்மியடித்துப் பரிசு வாங்கியவள் நான். ஒரு இரண்டு வயதுக்காரனை அசைக்க முடியாதா? ஒரு கையில் சோற்றுக் கிண்ணம், ஒரு கையில் கரண்டி. பாடினேன், ஆடினேன். பொரித்த முட்டையைப் பிய்த்துப் போட்டு, கிச்சாப் என்கிற சோயா சாறு ஊற்றிப் பிசைந்த சோறு. இந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாத சாப்பாடு. தர்ஷன் அசையாமல் என்னையே பார்த்தான். ஆகா, மயங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

மெதுவாகக் கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் என் இடது தாடையின் ஓரத்தைத் தட்டினான். நான் நிறுத்தவில்லை. இன்னொரு தரம் தட்டினான். பிறகு முகத்தையே ஓர் ஓரமாகத் தள்ளிப் பார்த்தான். கொஞ்சம் பாசம்தான் காட்டுகிறான் போலிருக்கிறது என்று காக் ரோஸிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பாயில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல லா. உன்ன விளம்பரம்னு நெனச்சிட்டான், தள்ளிவிடப் பாக்குறான்!"

தொற்று வியாதி

சோறு இறங்காமல் இரண்டு நாள் போனதும் என் கொள்கை ஆட்டம் கண்டது. பிள்ளை பட்டினி கிடக்கும்போது கொள்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போனை எடுத்து மைலோ டின்னில் சாய்த்து வைத்தேன். பாட்டு ஓடியது, வாய் திறந்தது, கிண்ணம் காலி. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். ஷாலினியைத் திட்ட நான் யார் என்றுகூடத் தோன்றியது.

திரும்பிப் பார்த்தால் மற்ற இரண்டு தட்டும் போட்டபடியே இருக்கின்றன. தன் கையால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள் ரித்திகாவும், பூச்சோங்கிலிருந்து எங்கள் பக்கம் குடிவந்த சரவணன் அண்ணன் மகள் தன்யாவும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் சோறு காய்ந்துவிட்டது. ஒரு பிள்ளைக்குத் திறந்த வாயால் இரண்டு பிள்ளைகளின் வாய் மூடிக்கொண்டது. தானே சாப்பிடக் கற்றுக்கொண்டு மாதக்கணக்கான என் மகள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே என் பக்கம் வாயைத் திருப்பினாள்.

"அம்மா, எனக்கும் ஊட்டு. பாட்டு போட்டு ஊட்டு."

புத்திசாலிப் பெண்

தன்யாவுக்குத் தர்ஷனைவிட இரண்டு மூன்று மாதம் கூட. போன் பூட்டைத் திறப்பாள், வேண்டியதைத் தேடி எடுப்பாள், வேண்டாததைத் தள்ளுவாள். வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா சரவணன் அண்ணன் இதைச் செய்து காட்டச் சொல்வார். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை அவருக்கு. "இவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல தங்கச்சி, இவளே கத்துக்கிட்டா. இன்ஜினியர்தான்" என்பார்.

ஒரு நாள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று எம்.சி., அதாவது மருத்துவ லீவு, எடுத்தார். அன்று தன்யாவை என்னிடம் விடாமல் தஞ்சோங் ஹராப்பானுக்குக் கூட்டிப் போயிருக்கிறார், கடலோரம் தூண்டில் போட. மீன் இழுக்கும் நேரத்தில் மகள் நச்சரிக்க, போனைக் கையில் கொடுத்தார். இன்ஜினியர் தேடிப் பிடித்து வீடியோ காலில் போட்டது அப்பாவின் சூப்பர்வைசருக்கு. போனைத் திருப்பி அப்பாவையும் காட்டினாள். தொப்பி, தூண்டில், பின்னால் கடல். "காய்ச்சல்னு சொன்னீங்க, மீன் ஏதும் கடிச்சுதா சரவணன்?" என்று போன் கேட்டதாம். மறுநாள் காலை மகளை இறக்கிவிட்டபோது அவர் முகத்தில் பழைய பெருமை பாதிதான் இருந்தது.

"தங்கச்சி, இனிமே இவ கையில போனே குடுக்காதீங்க. ரொம்பப் புத்திசாலியா இருக்கா, அதான் பயமா இருக்கு."

முட்டைத் திருடி

அந்த ஒரு வாரம் மத்தியானத்தில் மூன்று பேருக்கும் பாட்டுப் போட்டுத்தான் ஊட்டினேன். எனக்குத் தோள்பட்டை கழன்றது. ஒரு நாள் ஷாலினி அவசரத்தில் சார்ஜரை மறந்துவிட்டாள். பாதிச் சோற்றில் போன் செத்துவிட்டது. தர்ஷன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. என் போனைக் கொடுக்கலாமா என்று நான் எழுந்துவிட்டேன். உள்ளே தேடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் சட்டென்று நின்றது. பயந்துபோய் ஓடி வந்தேன்.

தன்யா அவன் கிண்ணத்தில் கையை விட்டு முட்டைத் துண்டை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். தர்ஷன் அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தான். பிறகு குனிந்து கிண்ணத்தைப் பார்த்தான். கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கண் எப்போதும் பாட்டில் இருந்தது. சோறு வாய்க்குப் போனது அவனுக்கே தெரியாது. தன்யா இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினாள். அவன் முந்திக்கொண்டு, சோறும் முட்டையுமாக ஒரு பிடி அள்ளி வாய்க்குள் திணித்தான். மூக்கில் பாதி, சட்டையில் பாதி. என் வீட்டில் அவன் சொன்ன முதல் சொல்லும் அதே வாயிலிருந்துதான் வந்தது.

"என்னுது!"

பிரிக்பீல்ட்ஸில் என் தோல்வி

பிள்ளை வளர்ப்பில் ஏதோ கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி அந்த ஞாயிற்றுக்கிழமை தலை நிமிர்ந்து நடந்தேன். கணவரோடும் ரித்திகாவோடும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். சுற்றிலும் பார்த்தால் மேசைக்கு மேசை தண்ணீர் ஜக்கில் ஒரு போன் சாய்ந்திருக்கிறது, எதிரில் ஒரு பிள்ளை ஆடாமல் அசையாமல் இருக்கிறது. நான் என் போனைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டேன்.

எங்கள் மேசையில் மட்டும் பிள்ளை ஓடியது. அடுத்த மேசைக்காரர் அப்பளத்தை எடுத்தது. மேசைக்கு அடியில் புகுந்தது. கடைசியில் ரசம் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டு, பரிமாறும் அண்ணனின் காலை நனைத்தது. அவர் கோபப்படவில்லை. துணியால் துடைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொன்னார்.

"அக்கா, அடுத்த தடவ வரும்போது தயவு செஞ்சி போன் கொண்டு வாங்க லா."

ஆதாரம்

எங்கள் பாயில் மட்டும் திருட்டு நன்றாக நடந்தது. தன்யாவை வேண்டுமென்றே தர்ஷன் பக்கத்தில் உட்கார வைப்பேன். அவள் கை நீளும், இவன் முந்துவான், கிண்ணம் காலியாகும். போன் பைக்குள்ளேயே கிடந்தது. இதை ஷாலினியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. வீட்டில் அவன் பழைய மாதிரியே வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்கிறானாம். "மாமியாருக்குக் காட்டணும், வீடியோ எடுத்து அனுப்புங்க அக்கா" என்றாள்.

மறுநாள் சாப்பாடு மும்முரமாக நடக்கும்போது மெல்லப் போனை உயர்த்தினேன். மூன்று தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. கைகள் அந்தரத்தில் நின்றன. தர்ஷன் கிண்ணத்தை விட்டுவிட்டு என்னை நோக்கித் தவழ்ந்தே வந்தான். வீடியோவில் பதிவானது நிறையச் சோறு உள்ள மூன்று தட்டும், திரையை மறைத்த ஒரு மூக்கும்தான். அனுப்பிய உடனே ஷாலினியின் குரல் செய்தி வந்தது.

"பாத்தீங்களா அக்கா? நான் சொல்லல? ஒரு வாய்கூடச் சாப்பிடல!"

கிளினிக்

எடை பார்க்கும் நாள் காலையில் எனக்கு வேலையே ஓடவில்லை. கிளினிக்கிலிருந்து ஷாலினி மகனோடு நேராக என் வீட்டுக்கு வந்தாள். எடை ஏறியிருக்கிறது, கொஞ்சம்தான் என்றாலும் ஏறியிருக்கிறது என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னாராம். நான் கை தட்டினேன், நர்ஸம்மா வாயில் சர்க்கரை போட வேண்டும் என்றேன். ஷாலினி சிரிக்கவில்லை. மாமியாரிடமும் சொல்லிவிட்டாளாம், அவர் கேட்டது ஒன்றுதானாம்: "வேற வீட்டுல சாப்பிடுற புள்ள உன் வீட்டுல ஏன் சாப்பிடல?" இந்த மாதக் கடைசியில் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தர்ஷன் பையிலிருந்து போனை எடுக்கச் சொல்லி அவள் கையை இழுத்தான். என்னிடம் வந்தால் கிண்ணத்தைத் தேடுகிற பிள்ளை, அம்மாவைப் பார்த்ததும் போனைத் தேடுகிறது. அதை அவளும் பார்த்துவிட்டாள்.

"நான் இவனுக்கு அம்மாவா, போன் ஸ்டாண்டா அக்கா?"

இரண்டாவது திருட்டு

காலையிலிருந்து சாப்பிடாதவள் என்று தெரிந்தது, தட்டில் சோறு போட்டேன். மீன் குழம்பு, இரண்டு பொரித்த முட்டை. பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், தன் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தாள். ஷிப்ட் மாற்றி யாரோ செய்தி போட்டிருக்கிறார்களாம். அதைப் படித்தாள், பிறகு யாரோ கேக் வெட்டினார்கள், யாரோ நடனமாடினார்கள், விரல் தள்ளிக்கொண்டே போனது. மற்றொரு கை சோற்றைப் பிசைந்து, தானாக வாய்க்குப் போய் வந்தது. நானும் காக் ரோஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தர்ஷன் அவள் முழங்கையைத் தொட்டான். "ம்ம்" என்றாள், திரும்பவில்லை. இன்னொரு தரம் தொட்டான். "ம்ம்." அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தன்யா கற்றுக்கொடுத்த வித்தையை எடுத்துவிட்டான். முதல் முட்டை போனது. ஷாலினிக்குத் தெரியவில்லை. இரண்டாவது முட்டையை இழுத்தபோது குழம்பு அவள் மடியில் வழிந்தது, அதுவும் தெரியவில்லை. கடைசியில் கை தட்டில் துழாவியது, முட்டை அகப்படவில்லை. குனிந்து பார்த்தாள். வாய் கொள்ளாமல் முட்டையோடு, கன்னமெல்லாம் குழம்போடு, மகன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிடுங்கப் போனாள். அவன் ஓடினான். ஒரு அம்மா என் முன்கூடத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்தினாள். போத்தல் சாய்ந்தது, போன் குப்புற விழுந்தது, எடுக்க ஆள் இல்லை.

"டேய் திருட்டுப்பயலே, அது என்னுதுடா!"

தைப்பிங் ரயில்

மாதக் கடைசியில் மாமனாரும் மாமியாரும் வந்தார்கள், பேரன் துணியை அடுக்க ஒரு காலிப் பையோடு. இப்போது ஷாலினி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் போனும் குளிர்பெட்டிக்கு மேலே ஏறிவிடும். அவள் கணவர் முதலில் முறைத்தாராம். தன் கோழிக்கால் ஒரு தரம் காணாமல் போன பிறகு தட்டில் கண் வைக்கப் பழகிவிட்டாராம். அன்று இரவுச் சாப்பாட்டில் தர்ஷன் தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவர் ஏதோ அரசியல் பேச வாயைத் திறந்திருக்கிறார். பேசி முடிப்பதற்குள் அவர் தட்டிலிருந்த மீன் துண்டு இடம் மாறிவிட்டது. அப்பளமும்.

வந்த இரண்டு பேர்தான் திரும்பி ரயிலேறினார்கள், காலிப் பை காலியாகவே போனது. ஷாலினி இதை என் வாசலில் நின்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கிளம்பும்போது மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாராம்.

"இவன அங்க கூட்டிட்டுப் போனா இவரு எளச்சிருவாரு. இங்கயே இருக்கட்டும், உங்களுக்குத்தான் திருடனப் பிடிக்கிற வயசு."

இரண்டு வயதுக்காரர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். முப்பது வயதுக்காரர்களை இன்றுவரை இலவசமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.